பிளேட்டுக்குப் பொட்டு வைப்பதில்லை

அந்த வண்டியை வாங்கியதும் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். எதுக்கு? தெருவில் கேட்டார்கள், கம்பெனியில் கேட்டார்கள், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவள் திரும்பி நின்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அவரே சிரித்தும் கொண்டார்.

நியாயமான கேள்விதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. அதுவரை நான் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. கிரைண்டர் மாவுக்கு. தையல் மிஷின் மேல்வருமானத்துக்கு. ஸ்கூட்டி மகளை டியூஷனில் கொண்டுபோய் விட. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த ஸ்கூட்டியும் வீட்டுக்காரருடையதாகிவிட்டது. ஒரு பொம்பளை தன் காசைப் போட்டு ஒரு பொருள் வாங்கினால் அதில் வீட்டில் யாருக்காவது உபயோகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். இந்த வண்டியால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை. இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் ஒரு அரிசி மூட்டை வைக்கக்கூட இடம் கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும், குனிந்து உள்ளே நுழைவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன். வேறு காரணம் இல்லை. இருந்தாலும் சொல்வதாக இல்லை.

அது ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. கொரட்டூர் ஏரிப்பக்கம் ஒரு அடுக்குமாடியில், கூட வேலை செய்கிறவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தபோது கீழே உறை போட்டு நிற்பதைப் பார்த்தேன். உறை பாதி விலகி, முன்பக்கம் மட்டும் தெரிந்தது. விருந்துக்கு மேலே போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன். வண்டிக்காரர் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரு தம்பி, குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார். கிளட்ச் தேய்ந்துவிட்டது, இந்த மாடலுக்கு இங்கே சாமான் கிடைக்கவில்லை, அதனால்தான் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறேன் என்றார். பேச்சு முடிந்ததும், "சார் எப்ப வந்து பார்ப்பாரு மேடம்?" என்று கேட்டார். எந்த சார் என்று நான் கேட்டதும் பாவம், அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

கிளட்ச் தேய்ந்ததற்கு அவர் பயந்தார், நான் பயப்படவில்லை. ஏனென்றால் என் தொழிலே அதுதான்.

நான் மண்ணூர்பேட்டைக்காரி. எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் இங்கே ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலம் தொழிற்பேட்டையானதும் நாங்களும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தோம். அந்த வயலை நினைத்து எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாது. நான் வேலை செய்வது எஸ்டேட்டுக்குள் ஒரு சின்ன யூனிட்டில். லாரி, வேன், டெம்போவின் தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகள் எங்களிடம் வரும். பிளேட் என்றால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு இரும்பு வட்டு. இரண்டு பக்கமும் பிடிமானத்துக்குக் கெட்டியான ஒரு வளையம் வைத்து, ரிவெட் என்கிற மொட்டை ஆணியால் அடித்திருக்கும், அதை ஃபேசிங் என்போம். எஞ்சின் சுற்றுகிற சுற்றை இறுக்கிப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுப்பது அந்த ஃபேசிங்தான். அது தேய்ந்துபோனால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பழைய ரிவெட்டைத் துளைத்தெடுத்து, புது ஃபேசிங் வைத்து, எதிரெதிராக ரிவெட் அடித்து, வளைவு இருக்கிறதா என்று சுற்றவிட்டுப் பார்த்து அனுப்புவோம். ரிவெட் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். ஹெல்பராகச் சேர்ந்த நான் இப்போது அங்கே சூப்பர்வைசர். டிரைவர் வராத நாட்களில் லோடு வேனையும் நான்தான் ஓட்டுவேன். ஆகையால் எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு சட்டம் உண்டு. எண்ணெய்க் கை ஆகாது. ஃபேசிங் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தால் போனதுபோலத் தெரியும், போகாது. ஓடிச் சூடேறியதும் வழுக்க ஆரம்பிக்கும். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு வருகிறவளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்று நான் திருப்பி அனுப்புவேன். ஆயுத பூஜைக்குக்கூட இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பிரஸ், டிரில், தராசு, லோடு வேன், வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பிளேட்டுக்கு மட்டும் வைப்பதில்லை. அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டிக்கு மேல் வைப்போம். புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்தது. எங்கள் மாடிப்படியை ஒட்டிய இடத்தில் நின்றது. சமதளத்தில் ஓடும், சின்ன மேட்டைக் கண்டாலும் எஞ்சின் அலறிவிட்டு நின்றுவிடும். நான் உடனே பிளேட்டைக் கழற்றிக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்த அளவுக்கு ஃபேசிங் எங்களிடம் இல்லை. ஒரு மினி லாரியின் ஃபேசிங் கிட்டத்தட்டப் பொருந்தும், வெளி விளிம்பைக் கடைசல் பிடிக்க வேண்டும், துளைகளை வேறு இடத்தில் போட வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முதலாளி சம்மதிக்க வேண்டும். இப்படியே ஒரு வருஷம் போனது. அந்த ஒரு வருஷத்தில் நான் கேட்ட கேலியை எழுதினால் உங்களுக்கே அலுத்துவிடும். தெருப்பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார்கள், அதுகூடப் பரவாயில்லை. மூத்தார் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'துணி காயப்போட நல்ல வண்டி' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் வீட்டுக்காரரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். எனக்கு வலித்தது அந்தப் பொம்மைதான்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது குக்கரில் சாதம் வைத்திருப்பார். அண்ணன் என்றால் மட்டும் அவருக்கு வேறு நாக்கு. வீட்டுக்குள் என்னிடம் 'உன் இஷ்டம்' என்பார். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றியதும் 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பித்துவிடுவார்.

மூத்தார் ஒரு நாள் ஆவடியில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிகளை வாங்கிப் பிரித்து சாமான் சாமானாக விற்கிறவராம், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். நான் விற்க மாட்டேன் என்றேன். கிளட்ச் மாற்றினால் வண்டி நன்றாக ஓடும் என்றேன். அப்போதுதான் அவர் அந்தப் பந்தயத்தை வைத்தார். மாற்றிக் காட்டு, பாடி மேம்பாலம் ஏற்றிக் காட்டு, நின்றுவிடாமல் ஏறினால் உன் வண்டி, வழுக்கினால் ஆவடிக்காரருக்கு. நான் கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

அந்த 'சரி' எனக்குப் பிறகு வெகுநாள் கசந்தது. மூத்தார் வாங்கிய எதையாவது யாராவது பாலம் ஏற்றிப் பார்த்தார்களா? வீட்டுக்கு ஆகாத நிலத்தை அத்திப்பட்டில் வாங்கிப் போட்டாரே, அதற்கு யாரேனும் பரீட்சை வைத்தார்களா? ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. என் கை வேலையைக் காட்டிவிட வேண்டும் என்ற வெறிதான் இருந்தது.

முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கினேன். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டை எடுத்துக் கொடுத்தார். ஃபேசிங் ரிவெட் தலை வரை தேய்ந்து, கண்ணாடியாகப் பளபளத்தது. பட்டறையில் இடமில்லாததால் வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து மறுபடி மாடிப்படி ஓரத்தில் விட்டோம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எல்லா வேலையும் முடித்த பிறகு நான் உட்கார்ந்தேன். என் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருத்தி துளை போட்டாள், ஒருத்தி விளிம்பைப் பார்த்துக்கொண்டாள், ரிவெட் மட்டும் நான் அடித்தேன். ஒவ்வொரு ரிவெட் தலையும் ஃபேசிங்குக்குக் கீழே குழிக்குள் இறங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்தது. சுற்றவிட்டுப் பார்த்தோம், இம்மியளவும் ஆட்டம் இல்லை. அத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய வண்டிக்குக் கட்டியிருக்கிறேன், எனக்கென்று கட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது.

மறுநாளிலிருந்து யூனிட்டும் பட்டறையும் விடுமுறை. பிளேட்டைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்து பீரோ மேல் வைத்தேன்.

வீட்டில் ஆயுத பூஜை என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஷெட்டில் இருந்த காலத்துப் பழக்கம், ஒன்று விடாமல் செய்வார். அவருடைய ஸ்பானர் செட், தையல் மிஷின், மிக்ஸி, இன்வெர்ட்டர், அரிவாள்மனை, ஸ்கூட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கீழே போய் ஸ்கூட்டிக்கு மாலை போட்டார். பக்கத்தில் நின்ற என் வண்டியைத் தாண்டித்தான் அவர் மேலே வர வேண்டும். தாண்டி வந்தார். ஒரு துளிக் குங்குமம் வைக்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் தன் ஆட்டோவுக்குப் பூசணிக்காய் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நானே குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு போய் என் வண்டிக்கு நெற்றி நிறையப் பொட்டு வைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தேன். அதை மிதித்துப் போக வண்டிக்குக் கிளட்ச் இல்லை என்பது வேறு விஷயம்.

விடுமுறை முடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் பொட்டலத்தைப் பட்டறையில் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. நான் கட்டியது, நான் சுற்றியது, என் வீட்டுப் பீரோ மேல் இருந்தது. எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும்? பட்டறைப் பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மாட்டினார்கள், சாயங்காலம் வண்டி தயார். எஸ்டேட் சாலைகளில் நாலு சுற்று சுற்றினேன். முதல் கியரில் கிளட்சை விட்டதும் ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

பாலத்துக்கு நாள் குறித்தது மூத்தார். கம்பெனி பஸ்ஸெல்லாம் வெளியே வருகிற மாலை நேரமாகப் பார்த்துக் குறித்தார். என் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். கால் நீட்ட இடமில்லாமல் முழங்கால் மார்பில் முட்ட, கதவின் மேல்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். வீட்டுக்காரர் ஸ்கூட்டியில் பின்னால் வந்தார். சி.டி.எச். சாலையில் நெரிசல், நின்று நின்றுதான் போக முடிந்தது. பாடிக்கு வருவதற்குள்ளேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது, நானும் நின்றேன். பஸ் நகர்ந்ததும் கிளட்சை விட்டேன். எஞ்சின் கத்தியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன். கருகல் வாடை உள்ளே வந்தது. கைபிரேக்கைப் போட்டேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

நான் ஓட்டுகிறேன், நகரு என்றார் மூத்தார். நகர்ந்தேன். அவருக்கும் ஏறவில்லை. இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். ஷேர் ஆட்டோவில் போனவர்களெல்லாம் தலையை நீட்டிச் சிவப்பு வண்டியையும் என்னையும் பார்த்துக்கொண்டு போனார்கள். மூத்தார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, லாரிக்குக் கட்டுகிறவர்கள் லாரிக்குக் கட்டுவதோடு நிற்க வேண்டும், அதுவும் பொம்பளைகள் கட்டின பிளேட்டு என்று ஆரம்பித்தார். அது எனக்குப் பழக்கம்தான். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் பேசியதுதான் என்னைக் கொன்றது.

"நான் அப்பவே சொன்னேன்லண்ணா. இவ கட்டுன பிளேட்டு நிக்காதுன்னு."

வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று முடிவானது. எனக்கு வண்டி போவது ஒரு பக்கம். நான் கட்டிய பிளேட் வழுக்கியது என்பது இன்னொரு பக்கம். என் செக்‌ஷனில் இருக்கிற அத்தனை பெண்களின் கையும் அன்றைக்குப் பாலத்தின் மேல் தோற்றுப்போனதுபோல எனக்கு இருந்தது. எங்கே தப்பு என்று தெரியாமல் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று மறுநாளே கியர் பாக்ஸை மறுபடி இறக்கச் சொன்னேன்.

மெக்கானிக் முதலில் எஞ்சின் சீலைச் சந்தேகப்பட்டார். அங்கிருந்து ஆயில் கசிந்தால் பிளேட் வழுக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விரலால் தடவியும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சீலு டிரையா கீதுக்கா. எங்கிருந்தும் ஆயில் வர்ல."

பிளேட்டை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் சுற்றிலும் வட்ட வட்டமாகக் கருத்துப் பளபளத்த திட்டுகள். எண்ணெய் குடித்த ஃபேசிங் சூடானால் அப்படித்தான் ஆகும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். கசிந்த ஆயில் என்றால் விசிறி அடித்தாற்போல் இருக்கும். இது கணக்காக இடைவெளி விட்டு யாரோ விரலால் வைத்தது. ஒரு ரிவெட் குழிக்குள் ஏதோ நிறம் தெரிந்தது. கொண்டை ஊசியை எடுத்து நோண்டினேன். குங்குமம்.

பக்கத்துக் குழியில் நோண்டினேன். அதிலும் குங்குமம்.

இரும்பில் குங்குமம் ஒட்டாது, உதிரும். அதனால் எங்கள் வீட்டில் ஒருவர் எப்போதும் முதலில் நல்லெண்ணெயில் விரலைத் தொட்டு, அதன் மேல் குங்குமத்தை வைப்பார். ஷெட்டில் ரயிலுக்கு வைத்துப் பழகிய விரல்.

பிளேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரைக்குப் பக்கத்தில் தினத்தாளின் மேல் பிளேட்டை வைத்து, குழியைக் காட்டி, நீதானே என்று கேட்டேன். வெகுநேரம் கீரைக்காம்பையே கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பூஜையன்று நான் பக்கத்துத் தெருவுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தபோது பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறார். நான் பார்த்துவிடப் போகிறேன் என்று மறுநாள் காலையில் துணியால் சுத்தமாகத் துடைத்து, பழையபடியே சுற்றி வைத்திருக்கிறார். துடைத்தால் போய்விடும் என்று நினைத்தாராம். ரயிலில் போகுமாம்.

"வண்டிக்கு வெச்சா தெருவே பாக்கும். அண்ணன் காதுக்குப் போவும். அதான் உள்ள போற சாமானுக்கு வெச்சேன். நல்லா ஓடணும்னுதான்டி வெச்சேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஒரு ஆள் யாருக்கும் தெரியாமல், பொண்டாட்டிக்கும் தெரியாமல், அவள் ஆசைப்பட்ட ஒன்றுக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார். அது பிரியம்தான், எனக்குத் தெரியாதா? கண் கலங்கின அதே வேகத்தில் கோபமும் வந்தது. கலங்கின கண்ணுக்குப் பயந்து அந்தக் கோபத்தை விழுங்கிவிட நான் தயாராக இல்லை. இத்தனை வருஷமாக எனக்குக் கிடைத்த எல்லாப் பிரியமும் இப்படித்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வரும். வெளியே நான்கு பேர் முன்னால் எனக்குக் கிடைத்ததெல்லாம் வேறு.

"உள்ள வெச்ச பொட்டு எனக்கு வாணாம்யா. பாலத்து மேல சொன்னியே, அத திருப்பி வாங்கு. உங்க அண்ணன் முன்னாடி வாங்கு."

"அண்ணன் சிரிப்பாருடி."

"ஒரு வருஷமா என்னப் பாத்துதான் சிரிக்கிறாரு. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது. அவர் வழக்கம்போலச் சாதம் வைத்தார், நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிக்கொள்ளலாம், குழிக்குள் இருந்த குங்குமத்தைக் காட்டி மூத்தார் வாயை அடைக்கலாம். அப்படிச் செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். என் வேலையை நானே போய் நிரூபித்தது போதும். வழுக்கியது என் கையால் இல்லை என்பதை அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தார் ஆவடிக்காரரோடு வந்தார். ஆவடிக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வண்டியின் கூரையை ஒரு தடவை தடவிப் பார்த்ததிலேயே அவருக்கு வண்டி பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையிலிருந்து தள்ளிக்கொண்டுவந்து மாடிப்படி ஓரத்தில் நிறுத்தியிருந்தோம். கீழ் வீட்டு ஆட்டோக்காரர் வண்டி துடைக்கிற சாக்கில் நின்றார். மூத்தார் விவரம் சொன்னார். எஞ்சின் நல்ல எஞ்சின், கிளட்ச்தான் இவங்க கட்டி இவங்களே கெடுத்துட்டாங்க என்றார். நான் படியில் நின்றுகொண்டு வீட்டுக்காரரையே பார்த்தேன். அவர் வேட்டி முனையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். சொல்ல மாட்டார் என்று நான் முடிவுசெய்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வண்டி போவதைவிட அதுதான் பெரிய நஷ்டமாக இருந்தது.

"அவ கெடுக்கலண்ணா" என்றார்.

மூத்தார் திரும்பினார்.

"பிளேட்ட அவ கரெக்டாதான் கட்டுனா. நான்தான் ஆயுத பூஜைக்கு எண்ண தொட்டு பொட்டு வெச்சேன். அதான் வழுக்கிச்சி. பாலத்துல நான் சொன்னது தப்பு."

மூத்தாருக்கு அது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தார். பொண்டாட்டி காருக்குத் திருட்டுப் பூஜையா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஆட்டோக்காரர் சிரித்தார். ஆவடிக்காரரும் அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் காது சிவந்துவிட்டது. உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஆமா, வெச்சேன். இன்னா இப்ப?" என்றார் அண்ணனைப் பார்த்து.

அப்படி ஒரு வார்த்தை அவர் அண்ணனிடம் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மூத்தாரின் சிரிப்பும் நின்றுவிட்டது. அவர் நியாயம் தெரிந்தவராகத் தன்னை நினைத்துக்கொள்கிறவர், அதனால் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு நியாயத்தைச் சொன்னார். அப்படியானால் அன்றைய பந்தயம் செல்லாது, வேறு பிளேட் கட்டிப் போடட்டும், இன்னொரு தபா பாலம் ஏற்றிப் பார்க்கலாம், ஏறினால் வண்டி அவளுக்கே, ஆவடிக்காரர் அதுவரை பொறுத்துக்கொள்ளட்டும் என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் தீர்ந்துவிட்டது, இனி நீ ஏற்றிக் காட்டிவிடுவாய் என்ற பார்வை.

ஏற்றிக் காட்டியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மினி லாரி ஃபேசிங் இன்னொரு ஜோடி யூனிட்டில் எடுத்து வைத்திருந்தேன்.

"இல்ல மாமா. இனிமே பாலம் கீலம்லாம் கெடையாது" என்றேன். "ஏறுனாலும் என்னுது. ஏறலன்னாலும் என்னுது."

மூத்தார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். ஆவடிக்காரர்தான் முதலில் செருப்பைத் தேடினார், மனசு மாறினால் சொல்லுங்கம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தார். மூத்தார் காப்பிகூடக் குடிக்காமல் அவர் பின்னாலேயே போனார். வீட்டுக்காரர் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏறலன்னா இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டார்.

"இங்கயே நிக்கட்டும்" என்றேன். "நான் உள்ள குந்திகினு இருப்பேன்."